கோயில் அடுப்படியும் வாட்ஸ்அப் குழுவும்: இனவரைவியல் கற்க எந்த வழி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் ஆய்வில் ஆசை உள்ள தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று. நம் மக்கள் எப்படிக் கும்பிடுகிறார்கள், எப்படிக் கூடுகிறார்கள், எப்படிச் சண்டை போட்டுச் சமாதானமாகிறார்கள் என்பதைக் கூடவே இருந்து பார்த்து எழுத வேண்டும். அதை முறையாகக் கற்றுக்கொள்ள எங்கே போவது? பாடநூல்கள் இதை இனவரைவியல் என்கின்றன. கோயில், சந்தை, பள்ளி வாசல் என்று நேரில் போய் நின்று பார்ப்பது இதன் பழைய பாதி. வாட்ஸ்அப் குழு, பேஸ்புக் நேரலை, டிக்டாக் என்று போனுக்குள் நடப்பதைப் பார்ப்பது புதிய பாதி. இரண்டையும் கற்கப் பல்கலைக்கழகம், தொலைநிலைக் கல்வி, இலவச இணையப் பாடம், காசு கட்டிப் படிக்கும் குறும்படிப்பு, உள்ளூர் மரபு அமைப்புகளோடு சேர்ந்து வேலை செய்வது என்று ஐந்து வழிகள் கண்ணில் படுகின்றன.

பெரும்பாலானவர்கள் கட்டணம், காலம், கடைசியில் கிடைக்கும் சான்றிதழ் ஆகிய மூன்றையும் வைத்து ஒப்பிடுகிறார்கள். தப்பில்லை, ராண்டும் விடுமுறையும் யாருக்கும் சும்மா கிடைப்பதில்லை. நான் முதலில் கேட்பது வேறொன்று: நீங்கள் எழுதும் களக்குறிப்பை அங்கே யார் படிப்பார்கள்? விரிவுரையும் வாசிப்பும் இன்று எங்கும் கிடைக்கின்றன. இந்தத் துறையின் கைத்திறன் குறிப்பு எழுதுவதில் இருக்கிறது. இன்னொருவர் அதைப் படித்து, "இது நீ பார்த்ததா, நினைத்ததா?" என்று வரிக்கு வரி கேட்டால்தான் கை தேறும்.

ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். இசிபிங்கோ, மவுண்ட் எட்ஜ்கோம்ப் போன்ற இடங்களில் மாரியம்மன் திருவிழா புனித வெள்ளியை ஒட்டி நடப்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கரும்புத் தோட்டக் காலத்தில் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் கிடைத்த விடுமுறை அது என்று பெரியவர்கள் காரணம் சொல்வார்கள். முதல்முறை களத்துக்குப் போகிறவர் அன்று இரவு எழுதும் குறிப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "பக்தர்கள் திரளாகக் கூடியிருந்தனர். பெண்கள் அன்னதானத்துக்கு ஆர்வத்துடன் உதவினர். ஒற்றுமை உணர்வு வெளிப்பட்டது." இதில் கண்ணால் பார்த்தது என்று எதுவுமே இல்லை. ஆர்வமும் ஒற்றுமையும் எழுதியவர் வீட்டிலிருந்து கொண்டுபோனவை.

அதே காலையைப் பயிற்சி உள்ள ஒருவர் இப்படி எழுதக்கூடும்: "ஒன்பதரை மணி. கொட்டகைக்குப் பின்னால் மூன்று ஆன்ட்டிகள் பூசணிக்காய் நறுக்குகிறார்கள். நடுவில் இருப்பவர் ஈரக் கையோடு போனைக் காதருகில் பிடித்து வாய்ஸ் நோட் கேட்கிறார். கறிவேப்பிலை போதாது என்று ஆங்கிலத்தில் பதில் பேசி அனுப்புகிறார். மற்ற இருவரும் நிமிரவில்லை. பத்து நிமிடத்தில் ஓர் இளைஞன் கறிவேப்பிலைக் கட்டோடு பின்வாசல் வழியாக வருகிறான். யாரும் நன்றி சொல்லவில்லை. 'அம்மா எங்கே?' என்று மட்டும் கேட்கிறார்கள்." இதைப் படித்தவுடன் கேள்விகள் தாமாக வருகின்றன. அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? அம்மா வராததைக் குழுவில் கேட்காமல் மகனிடம் நேரில் கேட்டது ஏன்? கறிவேப்பிலை எந்த வழியாக வந்தது என்று பார்த்தால் அடுப்படியும் வாட்ஸ்அப்பும் ஒரே வேலையாகத்தான் தெரிகின்றன. நேரில் செய்வதற்கு ஒரு படிப்பு, இணையத்தில் செய்வதற்கு இன்னொரு படிப்பு என்று பிரித்து விற்பவர்களிடம் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லாததற்கு இதுதான் காரணம்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

டர்பனில் இருப்பவர்களுக்குக் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. நட்டால் பல்கலைக்கழகமும் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமும் 2004இல் இணைந்து உருவானது அது. வெஸ்ட்வில்லின் தொடக்கம், நிறவெறி அரசு 1961இல் இந்தியர்களுக்கென்று சாலிஸ்பரி தீவில் திறந்த கல்லூரி. நம் பெரியவர்களில் சிலர் படகில் போய் அங்கே படித்தவர்கள். இனவரைவியலுக்கும் நம் ஆட்களுக்கும் இந்த ஊரில் பழைய தொடர்பும் உண்டு. மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கியிடம் பயின்று, சுவாசிலாந்தில் களப்பணி செய்த ஹில்டா கூப்பர் 1950களில் டர்பனில் இருந்து நட்டால் இந்தியர்களைப் பற்றி ஆராய்ந்தார். நூல் 1960இல் வந்தது. சமூகவியலாளர் பாத்திமா மீர் அதே மக்களைப் பற்றி உள்ளிருந்து எழுதிய நூல் 1969இல் வந்தது. ஒருவர் வெளியிலிருந்து வந்தவர், மற்றவர் வீட்டுப்பிள்ளை. யார் கண்ணில் எது பட்டது, எது படவில்லை என்று இருவரையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பதே ஒரு நல்ல முதல் பாடம்.

இங்கே இளங்கலைக்கு அப்புறம் வரும் ஆனர்ஸ் தனிப் பட்டம். குறைந்தது 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பது கணக்கு. ஆக மொத்தம் 1,200 மணி நேரம். அதில் குறைந்தது 30 கிரெடிட், அதாவது 300 மணி நேரம், சொந்த ஆய்வுக்குப் போக வேண்டும். முதுகலை 180 கிரெடிட். வேறு வழிகளில் எளிதில் கிடைக்காத இரண்டு இந்த வழியில் கிடைக்கும். ஒன்று, மேற்பார்வையாளர் என்று பெயர் சொல்லக்கூடிய ஒரு வாசகர். மற்றது, உங்கள் திட்டத்தை முன்கூட்டியே படித்து, "இவர்களிடம் எப்படி ஒப்புதல் வாங்குவாய், பதிவுகளை எங்கே வைப்பாய்?" என்று கேட்கும் அறநெறிக் குழு. வகுப்புத் தோழர்கள் மூன்றாவது வரவு. பல சமயம் மேற்பார்வையாளரைவிட அவர்கள்தான் குறிப்புகளை அதிகம் படிப்பார்கள்.

குறை, நாட்காட்டியில் இருக்கிறது. கல்வியாண்டு பிப்ரவரி வாக்கில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. தைப்பூசக் காவடி ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வந்துவிடும். மாரியம்மன் திருவிழா மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ. நீங்கள் தலைப்பு முடிவுசெய்து, திட்டம் எழுதி, கோயில் நிர்வாகத்திடம் 'கேட்கீப்பர் கடிதம்', அதாவது உள்ளே வந்து ஆய்வு செய்யலாம் என்ற அனுமதிக் கடிதம், வாங்கிக் கொடுத்து, அறநெறிக் குழு அனுமதி வந்து சேர்வதற்குள் இரண்டும் முடிந்திருக்கும். அப்புறம் என்ன நடக்கும்? விழாவுக்கு வந்தவர்களை நேர்காணல் செய்து, "அன்று எப்படி உணர்ந்தீர்கள்?" என்று கேட்டு ஆய்வேட்டை நிரப்புவார்கள். அது மோசமான ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நேர்காணலில் மக்கள் தாம் செய்வதாக நினைப்பதைச் சொல்வார்கள்; கறிவேப்பிலை எப்படி வந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனர்ஸ் ஆண்டில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு என் யோசனை, ஆடி மாதக் கஞ்சி பூஜையை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். ஜூலை, ஆகஸ்டில் வருகிறது. பெரிய விழாக்களைப் போலக் கேமராக்கள் மொய்ப்பதில்லை, வீட்டுக்கு வீடு, கோயிலுக்குக் கோயில் சின்னச் சின்னதாக நடக்கிறது. பெண்கள் நடத்தும் ஏற்பாடு என்பதால் குழுச் செய்திகளும் அடுப்படிப் பேச்சும் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும்.

அடுத்தது தொலைநிலைக் கல்வி. யுனிசாவை, அதாவது தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தை, பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. 1873இல் நன்னம்பிக்கை முனைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, இன்று நாட்டின் மிகப் பெரிய தொலைநிலைப் பல்கலைக்கழகமாக இருக்கிறது. மானிடவியலும் அங்கே படிக்கலாம். வேலையை விட முடியாதவர்களுக்கு, குழந்தைகளைப் பள்ளியில் விட்டு வருபவர்களுக்கு, டர்பனை விட்டுத் தள்ளி நியூகாசிலிலோ டன்டீயிலோ இருப்பவர்களுக்கு இதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் பட்டம். மேற்பட்டப் படிப்பில் அறநெறி அனுமதி இங்கேயும் உண்டு. படிப்பு பெரும்பாலும் எழுதி அனுப்பும் பணிகளாக நடப்பதால் முடித்துத் திருத்திய கட்டுரையைத்தான் மற்றவர் படிப்பார். செவ்வாய்க்கிழமை இரவு கிறுக்கிய குறிப்பைப் படிக்க ஆள் இருக்காது. அந்த ஆளை நீங்களே தேடிக்கொள்ள வேண்டும். தேடிக்கொண்டால் யுனிசாவில் ஒரு சாதகம் இருக்கிறது: படிக்கும் காலம் முழுவதும் நீங்கள் உங்கள் களத்திலேயே வாழ்கிறீர்கள். வளாகத்தில் படிக்கும் மாணவர் டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்துக்கு வார இறுதியில் வந்து போவார். நீங்கள் அங்கேயே ரொட்டி வாங்குகிறவர்.

இலவச இணையப் பாடங்களில் நான் கூசாமல் பரிந்துரைப்பது ஒன்றுதான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் டேனியல் மில்லர் தலைமையில் ஒன்பது மானிடவியலாளர்கள், ஆளுக்கு 15 மாதம் ஓர் ஊரில் தங்கி, மக்கள் சமூக ஊடகத்தை என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். அந்த ஊர்களில் ஒன்று சென்னைக்கு அருகில் இருக்கிறது. ஐடி பூங்கா வந்து மாறிப்போன கிராமங்கள் சேர்ந்த பகுதி அது. ஆய்வு செய்த ஸ்ரீராம் வெங்கட்ராமன் ஊரின் உண்மைப் பெயரை மறைத்துப் பஞ்சகிராமி என்று வைத்திருக்கிறார். அவருடைய நூல் 2017இல் வந்தது. அந்தத் திட்டத்தின் நூல்கள் எல்லாமே இணையத்தில் இலவசம். 2016இல் தொடங்கிய இணையப் பாடத்தை ஆங்கிலத்தோடு தமிழிலும் வெளியிட்டார்கள். ஒரு தமிழ்க் குடும்பம் பேஸ்புக்கில் யாரை நண்பராகச் சேர்க்கிறது, யாரைச் சேர்க்காமல் தவிர்க்கிறது என்பதை நேரில் பழகிய பழக்கத்தோடு சேர்த்து எழுதும் எழுத்து எப்படி இருக்கும் என்று பார்க்க இதைவிட நெருக்கமான மாதிரி நமக்குக் கிடைக்காது. எம்ஐடியின் ஓப்பன் கோர்ஸ்வேர் தளத்திலும் களப்பணி முறைகளுக்கான பாடத்திட்டம் இலவசமாகக் கிடக்கிறது. வாராவாரம் என்ன செய்ய வேண்டும் என்ற ஒழுங்குக்கு அது உதவும்.

ஆனால் லண்டன் பாடம், ஆய்வாளர்கள் என்ன கண்டுபிடித்தார்கள் என்பதைத்தான் பெரும்பாலும் சொல்லித்தருகிறது. எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது ஓரமாக வரும். முடித்தவர் சமூக ஊடகத்தைப் பற்றி நன்றாகப் பேசுவார், குறிப்பு எழுதியிருக்க மாட்டார். அப்புறம் இலவசம் என்கிறோமே, காணொளிகளுக்கு டேட்டாக் கட்டணம் யார் கட்டுவது? வீட்டில் வைஃபை இல்லாதவர்கள் நூல்களைத் தரவிறக்கிப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். இழப்பு பெரிதாக இல்லை.

காசு கட்டும் குறும்படிப்புகள் இரு வகை. ஒன்று, செயலி, வங்கி, போன் நிறுவனங்களுக்கு வாடிக்கையாளர்களைக் கவனித்துச் சொல்லும் பயனர் ஆய்வுப் பயிற்சி. மற்றது நெட்னோகிராபி, சந்தைப்படுத்தல் பேராசிரியர் ராபர்ட் கோசினெட்ஸ் 1990களின் நடுவில் இணைய ரசிகர் குழுக்களைப் பார்த்து வகுத்த முறை. ஜோகன்னஸ்பர்க்கில் அப்படி ஒரு வேலை தேடுபவர் என்றால் முதல் வகையைத் தயங்காமல் எடுக்கலாம். அங்கே குறிப்பெடுக்கவும், அதை நாலு பேர் முன் வைத்துப் பேசவும் பழக்குகிறார்கள். பயிற்றுநர் உங்கள் எழுத்தைப் படிக்கிறாரா, இல்லை காணொளியோடு சரியா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வகையில் கவனம் தேவை. நெட்னோகிராபி என்ற பெயரில் சிலர் விற்பது, பதிவுகளை மொத்தமாக அள்ளி எண்ணும் கருவிகளுக்கான பயிற்சி. கருவி நிலைப்பதில்லை. ட்விட்டர் தரவை இலவசமாக எடுக்கும் வழி 2023இல் அடைபட்டது. பேஸ்புக் பொதுப் பக்கங்களை ஆய்வாளர்கள் பின்தொடரப் பயன்பட்ட கிரௌட்டாங்கிளை மெட்டா 2024 ஆகஸ்டில் மூடியது. இந்த இரண்டையும் நம்பி உருவான பாடங்களில் இன்று மிஞ்சியிருப்பது பழைய ஸ்கிரீன்ஷாட்கள்தான். இன்னொன்று, நம் ஆட்களின் பேச்சில் பெரும்பகுதி பொதுப் பதிவுகளில் நடப்பதே இல்லை. அது மூடிய வாட்ஸ்அப் குழுக்களுக்குள், வாய்ஸ் நோட்டாக நடக்கிறது. அள்ளும் கருவி அங்கே போகாது. யாராவது உங்களை உள்ளே சேர்க்க வேண்டும். சேர்க்க வைப்பது எந்த மென்பொருளின் வேலையும் இல்லை.

உள்ளூர் வழியைப் பலர் ஒரு வழியாகவே நினைப்பதில்லை. டர்பன் டெர்பி தெருவில் 1860 பாரம்பரிய மையம் இருக்கிறது. வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று மெட்ராசிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து இறங்கியது தொடங்கி, 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்த 1,52,184 பேரின் வரலாற்றைச் சுற்றி வாய்மொழிப் பதிவுகளும் குடும்ப ஆவணங்களும் இந்த ஊரில் சேர்ந்திருக்கின்றன. இப்படிப்பட்ட இடங்களில் தொண்டராகச் சேர்ந்து பதிவுகளைக் கேட்டு எழுத உட்கார்ந்தால் காது தீட்டப்படும். ஆங்கில வாக்கியத்துக்கு நடுவே பாட்டி ஒரு தமிழ்ச் சொல்லைப் போடும் இடம், பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டு மேசையைத் தட்டும் இடம், பக்கத்தில் இருக்கும் மகள் குறுக்கிட்டுத் தேதியைத் திருத்தும் இடம் என்று எல்லாவற்றையும் விடாமல் எழுதப் பழகுவீர்கள்.

வாய்மொழி வரலாறு போன காலத்தைக் கேட்கிறது, இனவரைவியல் நடந்துகொண்டிருப்பதைப் பார்க்கிறது என்ற வேறுபாடு ஒருபுறம் இருக்கட்டும். பெரிய சிக்கல் வேறு. மரபு அமைப்புகளும் கோயில் நிர்வாகங்களும் பெருமைப்படக்கூடிய கதையை விரும்புகின்றன. நிர்வாகக் குழு இரண்டாக உடைந்தது, மேளம் அடிப்பவருக்குச் சம்பளம் தராதது, காவடி எடுக்க வரும் சுலு பக்தர்களைப் பற்றிப் பின்னால் பேசப்படுவது எல்லாம் களக்குறிப்பில் வரும். நினைவு மலரில் வராது. கதவைத் திறந்துவிட்டவரே வேலியாகவும் நிற்பார். அவர் கோபித்துக்கொண்டால் அடுத்த வெள்ளிக்கிழமையும் அவர் முகத்தில் விழித்தாக வேண்டும். பல்கலைக்கழக மாணவருக்கு ஆய்வேடு என்ற சாக்கு இருக்கிறது, உள்ளூர் தொண்டருக்கு அது இல்லை.

இந்தியாவிலிருந்து வேலைக்காகவோ அர்ச்சகராகவோ வந்து தங்கியிருக்கும் தமிழர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. இங்கே பஜனைக் குழுக்கள் தேவாரத்தையும் திருப்புகழையும் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறார்கள். வாட்ஸ்அப்பிலும் அப்படியே அனுப்புகிறார்கள். அதைக் கேட்டவுடன் உச்சரிப்பைத் திருத்தக் கிளம்பினால் உங்கள் களப்பணி அன்றே முடிந்தது. தமிழ் எழுதத் தெரியாமல் நான்கு தலைமுறையாகத் தமிழில் பாடுவது எப்படி நடக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம். தமிழ் தெரிந்திருப்பது இங்கே உதவும், சுலு கொஞ்சம் தெரிந்திருப்பது அதைவிட உதவும் என்று எனக்குத் தோன்றுகிறது. கோயில் வாசலில் பூ விற்பவரிடமும் சமையல் கொட்டகையில் பாத்திரம் கழுவுபவரிடமும் கேட்க நிறைய இருக்கிறது.

இனி அனுமதி விஷயம். பல்கலைக்கழகத்துக்கு வெளியே கற்க நினைப்பவர்கள் தாண்டிப் போய்விடும் இடம் இது. தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், எல்லோரும் போப்பியா என்று சொல்வது, 2013இல் நிறைவேறி, அதன் முக்கியப் பிரிவுகள் 2020 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. எல்லோரும் இணங்க ஓராண்டு அவகாசம் தந்தார்கள். ஒருவரின் மத நம்பிக்கை, இனம், உடல்நலம், அரசியல் சார்பு ஆகியவற்றை அந்தச் சட்டம் தனிப் பாதுகாப்புள்ள தகவல் என்று வகைப்படுத்துகிறது. கோயில் குழுவில் வரும் செய்திகளைப் பாருங்கள்: நம்பிக்கை, நோய், வேண்டுதல், யார் யாருக்கு உறவு எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். தனிப்பட்ட, வீட்டு உபயோகத்துக்கு விலக்கு உண்டு. ஆய்வுக்கும் நிபந்தனையோடு விலக்கு உண்டு. நீங்கள் எழுதி வெளியிடப் போகிறீர்கள் என்றால் வீட்டு விஷயம் என்று சொல்லித் தப்ப முடியாது.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? குழு உரையாடலை ஒரே தட்டில் ஏற்றுமதி செய்யும் வசதி வாட்ஸ்அப்பில் இருக்கிறது. அதைத் தட்டினால் ஒப்புதல் தந்தவர், தராதவர், குழுவில் உங்களைக் கவனித்தே இராதவர் என்று அத்தனை பேரின் பேச்சும் உங்கள் கணினிக்கு வந்துவிடும். செய்யாதீர்கள். ஏற்றுமதியைத் தடுக்கும் அமைப்பை வாட்ஸ்அப் 2025இல் கொண்டுவந்தது. அது இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், பார்த்ததைக் கையால் குறிப்பெழுதுவதே நல்ல பழக்கம். நிர்வாகியிடம் வாங்கிய அனுமதி உறுப்பினர்களின் ஒப்புதல் ஆகாது. ஆய்வு செய்கிறேன் என்பதைக் குழுவில் நீங்களே சொல்ல வேண்டும், புதிதாக ஆட்கள் சேரும்போது மறுபடியும் சொல்ல வேண்டும். பொதுப் பக்கத்தில் வந்த வரி என்றாலும் அப்படியே மேற்கோள் காட்டினால் தேடுபொறியில் போட்டு ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். மாற்றிச் சொல்லுங்கள்.

இங்கே இது வெறும் சட்ட நுணுக்கம் இல்லை. 2021 ஜூலைக் கலவரத்தின்போது டர்பனை ஒட்டிய பீனிக்ஸில் அக்கம்பக்கத்துக் காவல் குழுக்கள் வாட்ஸ்அப் வழியாகத்தான் ஒருங்கிணைந்தன. வதந்தியும் பயமும் வாய்ஸ் நோட்டாகவே பரவின. உயிர்கள் போயின, வழக்குகள் வந்தன, இந்தியர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் இடையே ஏற்பட்ட காயம் இன்னும் ஆறவில்லை. அந்தப் பகுதியில் ஒரு தெருக் குழுவுக்குள் நோட்டுப் புத்தகத்தோடு போகிறவர், நாளைக்கு யாராவது இதைக் கேட்டு வந்தால் என்ன செய்வேன் என்று யோசித்துவிட்டுத்தான் போக வேண்டும். இப்படிப்பட்ட தலைப்பு மனத்தில் இருந்தால், மற்ற எல்லா ஒப்பீட்டையும் விட்டுவிட்டுப் பல்கலைக்கழகம் வழியாக மட்டும் செய்யுங்கள். தனியாளாகச் செய்யக்கூடியது இல்லை அது.

அப்படியென்றால் யார் எதை எடுக்கலாம்? இளங்கலை முடிக்கும் கட்டத்தில் இருப்பவர், குடும்பம் இன்னும் ஓராண்டு தாங்கும் என்றால், வளாகத்து ஆனர்ஸ். இதற்கு ஈடு இல்லை. வேலையில் இருப்பவர், பட்டம் வேண்டும் என்றால் யுனிசா, கூடவே ஒரு குறிப்புத் துணை. பயனர் ஆய்வு வேலை வேண்டும் என்பவர் குறும்படிப்பு. தன் கோயிலை, தன் தெருவை, தன் குடும்பக் குழுவைப் பற்றி ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும், பட்டமெல்லாம் வேண்டாம் என்பவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். அவர்கள் எங்கேயும் பணம் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. பஞ்சகிராமி நூலை மெதுவாகப் படியுங்கள், ஆவண மையம் ஒன்றில் சில மாதம் பதிவுகளைக் கேட்டு எழுதுங்கள், அதே ஆசை உள்ள இன்னொருவரைப் பிடியுங்கள்.

அந்தத் துணை உங்கள் கோயிலைச் சேர்ந்தவராக இல்லாதிருப்பது நல்லது. சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் ஒருவரும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் ஒருவரும் மாற்றிக்கொண்டால், "எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்று நீங்கள் விட்டதை அவர் கேட்பார். குறிப்பை அன்றிரவே எழுதிவிட வேண்டும். தூங்கி எழுந்தால் பாதி போய்விடும், லோட்ஷெடிங் வந்தால் மெழுகுவத்தியோடு எழுதுங்கள். அனுப்பும் முன் பெயர்களை மாற்றி, எந்தப் பெயர் யாருடையது என்ற பட்டியலை வீட்டில் தனியாக வையுங்கள். அது போனில் இருக்கக் கூடாது. படிப்பவர் பாராட்ட வேண்டாம், எழுத்துப்பிழை திருத்த வேண்டாம். எந்த வரி பார்த்தது, எந்த வரி ஊகம், யார் அங்கே இருந்தும் குறிப்பில் பேசவே இல்லை என்று மட்டும் ஓரத்தில் குறித்து அனுப்பினால் போதும். இப்படி ஓராண்டுக் குறிப்பு குவிந்த பிறகு தலைப்பு வாரியாகப் பிரிக்க டாகெட் என்ற இலவச மென்பொருள் தாராளமாகப் போதும். என்விவோவுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பல்கலைக்கழகம் போகிறவர்கள் பதிவுக் கட்டணம் கட்டும் முன் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்: மேற்பார்வையாளர் களக்குறிப்பையே படிப்பாரா, அத்தியாயம் எழுதி முடித்த பிறகுதான் படிப்பாரா? ஒரே திட்டத்தில் நேரில் பார்ப்பதற்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் சேர்த்து அறநெறி அனுமதி கேட்க முடியுமா, இல்லை பின்னால் திருத்தம் போட்டு வாங்க வேண்டுமா? இரண்டாவது கேள்விக்குத் திருத்தம் என்று பதில் வந்தால் அந்த இரண்டு மூன்று மாதத்தையும் இப்போதே கணக்கில் எடுத்து, ஆடிக்குள் முடியுமா என்று பாருங்கள்.